குடியை நிறுத்தியும் ஜி.ஜி.டி. இறங்கவில்லையா? ரிப்போர்ட்டில் எந்த எண் எப்போது இறங்கும்

குடியை நிறுத்தி இரண்டு வாரம் ஆகியிருக்கும். நம்பிக்கையோடு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தால், ரிப்போர்ட்டில் பாதி வரிகள் தடித்த எழுத்தில் வந்து நிற்கும். கல்லீரல் நொதிகளில் ஒன்றான ஜி.ஜி.டி. 290. வீட்டில் இருப்பவர்கள் தாளைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒளிச்சு வச்சுக் குடிக்கிறார் போல" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நிறுத்தியவருக்கோ, "இவ்வளவு கஷ்டப்பட்டும் ஒன்றும் ஆகலையே" என்று மனம் விட்டுப்போகும். இரண்டு பேர் எடுத்த முடிவும் தப்பு. நிறுத்திய அன்று 480 இருந்த ஜி.ஜி.டி., ஒரு சொட்டுகூடத் தொடாத இரண்டாவது வாரத்தில் ஏறக்குறைய 290இல்தான் இருக்கும். அதைவிட வேகமாக அது பெரும்பாலும் இறங்காது.

கல்லீரல் ரிப்போர்ட்டில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனிக் கெடு உண்டு. சில எண்கள் நாள் கணக்கில் இறங்கும், சில வாரக் கணக்கில், சில மாதக் கணக்கில். அந்தக் கெடு தெரியாமல் ரிப்போர்ட்டைப் படிப்பதால்தான் வீண் பயமும் வருகிறது, வீண் தைரியமும் வருகிறது. இரண்டில் ஆபத்தானது வீண் தைரியம். அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. தினமும் அதிகமாகக் குடித்து வந்தவர் யாரிடமும் சொல்லாமல் ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இல்லாத ஆட்கள் தெரிவது, இடம் பொருள் புரியாமல் பிதற்றுவது, காய்ச்சலோடு உடம்பு தூக்கிப்போடுவது எல்லாம் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வரக்கூடியவை. முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தாலோ, காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நிற்கும் என்ற நிலை இருந்தாலோ, மருத்துவமனையில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும். அங்கே குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்போ அதோடு சேர்த்தோ தயமின், அதாவது வைட்டமின் பி1 ஊசி போடுவார்கள். அது இல்லாமல் வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏறினால், ஏற்கெனவே வற்றிப்போயிருக்கும் பி1 அடியோடு தீர்ந்து மூளை பாதிக்கப்படலாம். ஊசி போட்டாயிற்றா என்று உறவினர் கேட்பதில் தப்பே இல்லை.

இனி ரிப்போர்ட்டுக்கு வருவோம்.

பெயரே குழப்பம்

எல்.எஃப்.டி. என்றால் கல்லீரல் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் சோதனை என்றுதான் பெயர். ஆனால் அதில் எல்லோரும் முதலில் தேடும் எஸ்.ஜி.ஓ.டி.யும் எஸ்.ஜி.பி.டி.யும் கல்லீரலின் வேலையை அளப்பவை அல்ல. சில லேப்களில் இவற்றையே ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்று அச்சிடுவார்கள். இவை கல்லீரல் செல்லுக்குள் இருக்கும் நொதிகள். செல் அடிபட்டால் ரத்தத்தில் கசியும். ஆகவே இந்த எண்கள் சொல்வது இப்போது எவ்வளவு செல் அடிபடுகிறது என்பதை மட்டும்தான். எவ்வளவு நல்ல கல்லீரல் மிச்சம் இருக்கிறது என்பதை இவை சொல்லாது. முக்கால்வாசி செல்கள் போய்த் தழும்பாக மாறிய கல்லீரலில் கசிவதற்கே அதிகம் இருக்காது. அப்போதும் இந்த இரண்டு எண்ணும் நார்மல் என்றே வரலாம்.

வேலையைக் காட்டுபவை வேறு. ரத்தத்தில் இருக்கும் அல்புமின் என்ற புரதத்தைத் தயாரிப்பது கல்லீரல். ரத்தம் உறையத் தேவையான புரதங்களையும் அதுதான் தயாரிக்கிறது. அவை குறைந்தால், ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். ஏறும். காமாலையில் மஞ்சள் நிறத்தைத் தரும் பிலிரூபினை வெளியேற்றுவதும் அதன் வேலை. இந்த மூன்றில் ஐ.என்.ஆர். பல லேப்களின் எல்.எஃப்.டி. பட்டியலில் இருக்காது. தனியாகக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி.

ரத்தத்தில் கசிந்த எஸ்.ஜி.ஓ.டி. பாதியாகக் குறைய சுமார் 17 மணி நேரம் ஆகும். எஸ்.ஜி.பி.டி.க்கு அதே வேலைக்குச் சுமார் 47 மணி நேரம். ஆகவே குடியை நிறுத்தினால் முதலில் விழுவது எஸ்.ஜி.ஓ.டி. முதல் வாரத்திலேயே நல்ல இறக்கம் தெரியும். பெரும்பாலோருக்கு 2 முதல் 4 வாரத்துக்குள் நார்மலை ஒட்டி வந்துவிடும்.

குடியால் அடிபட்ட கல்லீரலில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி.யைவிட இரண்டு மடங்கோ அதற்கு மேலோ இருப்பது வழக்கம். இந்த விகிதத்துக்கு டி ரிட்டிஸ் விகிதம் என்று பெயர். 1957இல் இதைப் பற்றி எழுதிய இத்தாலிய மருத்துவரின் பெயர் அது. இப்படி ஆவதற்குக் காரணம் இரண்டு. எஸ்.ஜி.பி.டி. உருவாகி வேலை செய்ய வைட்டமின் பி6 அதிகம் தேவை. குடிப்பவர் உடம்பில் பி6 குறைந்துகிடப்பதால், அந்த எண் இருக்க வேண்டியதைவிடத் தாழ்வாகவே தெரியும். இன்னொன்று, செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவை ஆல்கஹால் நேரடியாகத் தாக்கும். எஸ்.ஜி.ஓ.டி.யின் பெரும் பங்கு அங்கேதான் இருக்கிறது.

இதனால் நிறுத்திய பிறகு வேடிக்கையான ஒரு மாற்றம் நடக்கும். எஸ்.ஜி.ஓ.டி. விறுவிறுவென்று இறங்க, எஸ்.ஜி.பி.டி. பின்தங்கி, மூன்றாம் நான்காம் வாரத்தில் அதைவிட மேலே நிற்கும். சாப்பாடு சரியாகி பி6 ஏறியதும் சிலருக்கு எஸ்.ஜி.பி.டி. கொஞ்சம் கூடியும் காட்டும். "ஒன்று இறங்குது, ஒன்று ஏறுது" என்று பதற வேண்டாம். விகிதம் 2இலிருந்து 1க்குக் கீழே வருவது, குடியின் அடையாளம் அழிந்துவருகிறது என்பதற்கான குறிதான்.

ஒரு வரம்பை மட்டும் மனதில் வையுங்கள். குடியால் மட்டும் எஸ்.ஜி.ஓ.டி. 400ஐத் தாண்டுவது அபூர்வம். ரிப்போர்ட்டில் 1000, 2000 என்று வந்தால் குடி மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. அளவுக்கு மீறிய பாராசிட்டமால், புதிதாகத் தொற்றிய மஞ்சள் காமாலை வைரஸ், ரத்த ஓட்டம் திடீரென்று குறைந்து கல்லீரல் அடிவாங்கியது ஆகிய மூன்றையும் அன்றைக்கே பார்க்க வேண்டும்.

வீட்டுச் சண்டைக்குக் காரணமான ஜி.ஜி.டி.

ஜி.ஜி.டி. ஏறுவதற்குச் செல் சாக வேண்டிய அவசியமே இல்லை. ஆல்கஹால் பட்டதும் கல்லீரல் இந்த நொதியை அதிகமாகத் தயாரிக்கத் தொடங்கிவிடும். பித்த ஓட்டத்தில் தடை, உடல் பருமன், சர்க்கரை நோய், கொழுப்புக் கல்லீரல் எல்லாமே இதை ஏற்றும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாய்ன், ஃபீனோபார்பிட்டோன், கார்பமசெபைன் மாத்திரைகளும் ஏற்றும். குடி நிறுத்தும்போது வந்த வலிப்புக்காக ஃபெனிடாய்ன் தொடங்கிய ஒருவருக்கு, குடியே இல்லாவிட்டாலும் ஜி.ஜி.டி. மாதக்கணக்கில் இறங்காமல் நிற்கும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் எத்தனையோ பேர் பொய்யர் பட்டம் வாங்குகிறார்கள்.

ஜி.ஜி.டி. பாதியாகக் குறைய 14 முதல் 26 நாள் ஆகும். 480இல் தொடங்கியவர் 60க்கு வர மூன்று முறை பாதியாக வேண்டும், அதாவது குறைந்தது 6 வாரம், பலருக்கு 10 வாரம். கல்லீரல் ஏற்கெனவே கெட்டிருந்தால் இன்னும் நீளும். ஆகவே ஒரே ஒரு ஜி.ஜி.டி.யை வைத்து யார் குடித்தார், குடிக்கவில்லை என்று தீர்ப்பு எழுத முடியாது. பார்க்க வேண்டியது இறக்கத்தின் போக்கு. 4 வாரத்துக்கு ஒருமுறை எடுத்த எண்கள் ஏறக்குறைய பாதிபாதியாக வந்தால் அவர் சொல்வது உண்மை என்று தாராளமாக நம்பலாம். இறங்கிவந்த எண் நடுவில் திரும்பி ஏறினால்தான் கேள்வி கேட்க வேண்டும். அப்போதும் முதல் கேள்வி "புதிதாக என்ன மாத்திரை?" என்பதாக இருக்கட்டும்.

வேலைக்காகவோ, நீதிமன்றத்துக்காகவோ, மாற்றுக் கல்லீரல் பட்டியலுக்காகவோ குடிக்கவில்லை என்று காட்டியாக வேண்டிய நிலை இருந்தால், பாஸ்ஃபாடிடைல் எத்தனால் என்ற சோதனை இருக்கிறது. சுருக்கமாக பெத் என்பார்கள். ஆல்கஹால் உடம்பில் இருந்தால் மட்டுமே சிவப்பணுவின் சவ்வில் உருவாகும் பொருள் அது. கொழுப்புக் கல்லீரலோ வலிப்பு மாத்திரையோ அதை ஏற்றாது. கடந்த 2 முதல் 4 வாரக் குடியைக் காட்டும். அதிகம் குடித்து வந்தவருக்கு நிறுத்திய பிறகும் அதற்கு மேல் சில நாள் தெரியலாம் என்பதால், நிறுத்திய முதல் மாதத்தில் இதுவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படும். சி.டி.டி. என்று இன்னொரு சோதனையும் உண்டு. அது 2, 3 வாரத்தில் நார்மலை நோக்கி வந்துவிடும். ஆனால் கல்லீரல் சுருக்கம் (சிரோசிஸ்) முற்றியவரிடம் நம்பகம் குறையும்.

மற்றவை, கொஞ்சம் சுருக்கமாக

சிவப்பணுவின் அளவைச் சொல்லும் எம்.சி.வி. குடிப்பவர்களுக்கு 100க்கு மேல் போய் நிற்கும். சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். பழையவை செத்துப் புதியவை வர வேண்டும் என்பதால், 2 முதல் 4 மாதம் வரை இந்த எண்ணைத் திட்டிப் பயனில்லை. அதற்குப் பிறகும் பெரிதாகவே இருந்தால் பி12, ஃபோலேட், தைராய்டு பாருங்கள்.

பிலிரூபின் கண்ணுக்குத் தெரியும் எண் என்பதால் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். காமாலை பலமாக வந்து இறங்கும்போது, சிறுநீர் முதலில் தெளிந்துவிடும், கண் மட்டும் வாரக்கணக்கில் மஞ்சளாகவே இருக்கும். பிலிரூபினில் ஒரு பகுதி அல்புமினோடு ஒட்டிக்கொண்டுவிடுவதுதான் காரணம். ஒட்டியது சிறுநீரில் போகாது. அல்புமின் பாதியாகச் சுமார் 20 நாள் ஆவதுபோலவே இதற்கும் ஆகும். மற்ற எண்கள் எல்லாம் சீராகி, பிலிரூபின் மட்டும் 1.8, 2.2 என்று மேலும் கீழும் ஆடுகிறது, அதில் டைரக்ட் பகுதி மிகக் குறைவு என்றால் அது கில்பர்ட் எனப்படும் பிறவி வாகாக இருக்கலாம். நோய் அல்ல. பட்டினி இருந்தால் ஏறும், சாப்பிட்டால் இறங்கும். ரத்தச்சிதைவு இல்லை என்று மட்டும் உறுதி செய்துகொண்டால் போதும்.

பித்தக்குழாய்ப் பக்கத்து நொதியான ஏ.எல்.பி. குடியால் கொஞ்சம்தான் கூடும். மூன்று மடங்கு கூடியிருந்து, உடம்பெல்லாம் அரிப்பும் வெளுத்த மலமும் இருந்தால் பித்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று ஸ்கேன் வேண்டும். குடியால் வீங்கிய கணையமே அந்தக் குழாயை நெரித்திருக்கக்கூடும். எலும்பிலிருந்தும் ஏ.எல்.பி. வரும். ஜி.ஜி.டி. நார்மலாக இருந்து ஏ.எல்.பி. மட்டும் ஏறியிருந்தால் பார்வையை எலும்புப் பக்கம் திருப்புங்கள்.

உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 800, 1000 என்று வந்து "இரும்புச்சத்து கூடும் பரம்பரை நோய்" என்று பயந்து ஓடுகிறவர்கள் உண்டு. குடியே ஃபெரிட்டினை ஏற்றும். நிறுத்திச் சில வாரங்களில் அது தானாகச் சரிந்துவரும். மூன்று மாதம் கழித்துக் காலையில் வெறும் வயிற்றில் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனோடு (இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்ற கணக்கு) சேர்த்து எடுங்கள். சாச்சுரேஷன் 45 சதவீதத்தைத் தாண்டினால்தான் அடுத்த சோதனை.

இனி தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட். என் கணக்கில் இந்த முழு விஷயத்திலும் அதிகம் கவனிக்கப்படாத, அதிகம் கவனிக்க வேண்டிய எண் இதுதான். ஆல்கஹால் எலும்பு மஜ்ஜையை நேரடியாக அமுக்கும். ஆகவே குடித்துக்கொண்டிருக்கும்போது 80,000, 90,000 என்று இருப்பது சகஜம். நிறுத்திய ஒரு வாரத்துக்குள் ஏறத் தொடங்கும். இரண்டாம் மூன்றாம் வாரத்தில் நார்மலையும் தாண்டிப் போய்த் திரும்பி வரும். ஒரு மாதத்துக்குப் பிறகும் 1,50,000க்குக் கீழேயே இருந்தால் மஜ்ஜை மேல் பழி சொல்ல முடியாது. கல்லீரல் இறுகி, அதற்குள் போக வேண்டிய ரத்தம் எதிர்த்து நின்று, மண்ணீரல் வீங்கித் தட்டணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறதா என்று தேட வேண்டும்.

ஒரே ஆளின் மூன்று ரிப்போர்ட்

கணக்குக்காக 48 வயது ஆண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நிறுத்திய 5ஆம் நாள்: எஸ்.ஜி.ஓ.டி. 142, எஸ்.ஜி.பி.டி. 64, ஜி.ஜி.டி. 480, தட்டணுக்கள் 98,000. நாலாவது வாரம்: 46, 48, 225, தட்டணுக்கள் 2,40,000. எட்டாவது வாரம்: 34, 30, 90, தட்டணுக்கள் 2,15,000.

கல்லீரலில் தழும்பு எவ்வளவு என்று மதிப்பிட ஃபிப்-4 என்ற கணக்கு இருக்கிறது. வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள். தட்டணு எண்ணிக்கையை ஆயிரத்தில் எடுத்து, எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் விடை. 1.3க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த வரம்பு 2. எந்த வயதானாலும் 2.67க்கு மேலே போனால் முற்றிய தழும்பு பற்றிப் பலமாகச் சந்தேகப்பட வேண்டும்.

5ஆம் நாள் கணக்கு: 48 பெருக்கல் 142 என்றால் 6816. 64இன் வர்க்கமூலம் 8, அதை 98ஆல் பெருக்கினால் 784. வகுத்தால் 8.7. இதைப் பார்த்தவர் இவருக்குக் கல்லீரல் சுருக்கம் என்றே முடிவு கட்டிவிடுவார். எட்டாவது வாரம்: 48 பெருக்கல் 34 என்றால் 1632. 30இன் வர்க்கமூலம் 5.48, அதை 215ஆல் பெருக்கினால் 1178. வகுத்தால் 1.39. அதே ஆள், அதே கல்லீரல். இரண்டு மாதத்தில் தழும்பு கரைந்துவிடவில்லை. 5ஆம் நாளில் கணக்குக்குள் போன எஸ்.ஜி.ஓ.டி.யும் தட்டணுவும் குடியின் சூட்டில் கலங்கியிருந்த எண்கள், அவ்வளவுதான். கணினியே போட்டுக் கொடுக்கும் இந்த ஃபிப்-4ஐ, நிறுத்திய முதல் மாதத்தில் யாரும் நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1.39 என்பது 1.3க்கு மேல். பயப்பட வேண்டிய எண் அல்ல, ஆனால் விட்டுவிடும் எண்ணும் அல்ல. இவருக்கு அடுத்தது, கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன்.

எப்போது, எப்படி ரத்தம் கொடுப்பது

நிறுத்தும்போது ஒன்று, 4ஆம் வாரம் ஒன்று, 8ஆம் வாரம் ஒன்று, 12ஆம் வாரம் ஒன்று. காமாலையோ வயிற்று வீக்கமோ இல்லாதவருக்கு இதற்கு மேல் அடிக்கடி எடுப்பதால் குழப்பம்தான் மிச்சம். ஒவ்வொரு முறையும் எல்.எஃப்.டி.யோடு ஜி.ஜி.டி.யும் முழு ரத்த எண்ணிக்கையும் சேர்த்துக் கேளுங்கள். முதல் முறையும் 12ஆம் வாரமும் ஐ.என்.ஆர். வேண்டும். முடிந்தவரை ஒரே லேப். எஸ்.ஜி.பி.டி.க்கு ஒரு லேப் 40 வரை நார்மல் என்று போடும், இன்னொன்று 56 வரை என்று போடும். அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர்களின் அமைப்பான ஏ.சி.ஜி. 2017இல் வெளியிட்ட வழிகாட்டலோ ஆண்களுக்கு 29 முதல் 33, பெண்களுக்கு 19 முதல் 25 வரைதான் நல்ல கல்லீரலின் மேல் வரம்பு என்கிறது. கூடுதல் என்று காட்டும் எச் என்ற எழுத்து பக்கத்தில் இல்லை என்பதற்காக 50ஐ நார்மல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே சமயம் 38 அடுத்த முறை 43 ஆனால் அது ஏற்றமும் அல்ல. எந்த மாற்றமும் இல்லாமலே அவ்வளவு ஆடும்.

குடியை விட்ட வேகத்தில் பலர் ஜிம்மில் சேர்ந்துவிடுகிறார்கள். நல்ல விஷயம், ஆனால் பளு தூக்கிய தசையிலிருந்தும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் கசியும். பழக்கமில்லாதவருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் ரத்தத்தில் நிற்கும். ரத்தம் கொடுப்பதற்கு முன் ஒரு வாரம் கடும் உடற்பயிற்சி வேண்டாம். ஏற்கெனவே கொடுத்தாயிற்று, எண் ஏறியிருக்கிறது என்றால் தசை நொதியை அளக்கும் சி.கே. சோதனையைச் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சி.கே. பல மடங்கு ஏறி ஜி.ஜி.டி. அசையாமல் இருந்தால் கசிவு தசையில்தான். ரத்தம் எடுக்கும்போது ஊசி சரியாக ஏறாமல் சிவப்பணுக்கள் உடைந்தாலும் எஸ்.ஜி.ஓ.டி. கூடிவிடும். ரிப்போர்ட்டின் அடியில் "ஹீமோலைஸ்டு" என்று சிறிய எழுத்தில் எழுதியிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை.

மூன்று மாதம் ஆகியும் இறங்கவில்லை என்றால்

குடி இல்லை என்பது உறுதி, 12 வாரமும் முடிந்தது, எண்கள் அப்படியே நிற்கின்றன என்றால் குடி மறைத்து வைத்திருந்த வேறு காரணம் இருக்கிறது. அடிக்கடி அகப்படுவது கொழுப்புக் கல்லீரல். குடியால் சேர்ந்த கொழுப்பு 2 முதல் 6 வாரத்தில் பெரும்பாலும் கரைந்துவிடும். ஆனால் குடியை விட்டவர்களுக்கு இனிப்பின் மேல் தீராத ஆசை வரும். இனிப்புக் குளிர்பானமும் பலகாரமுமாக இரண்டு மாதத்தில் 6 கிலோ கூடினால், அதுவே புதிய கொழுப்பு. அப்போது எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி.யைவிட மேலே நிற்கும். ஜி.ஜி.டி. 80, 90இலேயே தங்கிவிடும். எடை, இடுப்புச் சுற்றளவு, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), டிரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பு) நான்கையும் பார்த்தால் தெரிந்துவிடும். எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைப்பதுதான் மருந்து.

அடுத்து மாத்திரைகள். குடிக்காமல் இருக்கக் கொடுக்கும் டைசல்ஃபிரம், சிலருக்குத் தொடங்கிய 2 முதல் 12 வாரத்துக்குள் கல்லீரலைக் கடுமையாகத் தாக்கும். அபூர்வம்தான், ஆனால் உயிர்ப்பலி வாங்கியிருக்கிறது. ஆகவே தொடங்கும் முன்பும், இரண்டு வாரத்திலும், பின் முதல் சில மாதமும் எல்.எஃப்.டி. கட்டாயம். அந்த மாத்திரை எடுக்கும்போது பசியின்மை, வாந்தி, அடர் மஞ்சள் சிறுநீர் வந்தால் அடுத்த வேளை மாத்திரையை விழுங்காமல் மருத்துவரைப் பாருங்கள். இதே தேவைக்குக் கொடுக்கும் நால்ட்ரெக்சோன் 50 மில்லிகிராம் அளவில் இப்படிச் செய்வது மிக அரிது. அகாம்ப்ரோசேட் கல்லீரலைத் தொடாமல் சிறுநீரகம் வழியே போய்விடும், அதற்கு கிரியாட்டினின் பார்த்தால் போதும்.

கல்லீரலைச் சுத்தம் செய்வதாகச் சொல்லி விற்கும் டானிக், பொடி, மாத்திரை எதுவும் வேண்டாம். இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. பச்சைத் தேயிலைச் சாற்று மாத்திரை, அஸ்வகந்தா, மஞ்சள் செறிவு மாத்திரை மூன்றுமே கல்லீரல் அழற்சியை உண்டாக்கியதாக மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. எண்ணை இறக்க வாங்கிக் குடித்தது எண்ணை ஏற்றிவிடும்.

இவற்றோடு ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டும் ஒருமுறையாவது எடுத்தாக வேண்டும். சி வைரஸ் 8 முதல் 12 வார மாத்திரையில் ஏறக்குறைய எல்லோருக்கும் குணமாகும் நோய். குடி மேல் பழியைப் போட்டு அதைத் தவறவிடுவது கொடுமை. 40 வயதுக்குள் இருப்பவர் என்றால் தாமிரம் சேரும் வில்சன் நோய்க்காக செருலோபிளாஸ்மின், பெண்கள் என்றால் முக்கியமாக, உடம்பின் எதிர்ப்புசக்தியே கல்லீரலைத் தாக்கும் நோய்க்காக ஏ.என்.ஏ.வும் ஐ.ஜி.ஜி.யும் பார்ப்பார்கள்.

எல்லாம் நார்மல் என்று வந்தால்

தொடக்கத்தில் சொன்ன வீண் தைரியம் இங்கேதான் வருகிறது. 12ஆம் வார ரிப்போர்ட்டில் ஒரு தடித்த எழுத்துகூட இல்லை. "ஈரல் புதுசாயிடுச்சு" என்று ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுவார்கள். நொதிகள் நார்மல் என்றால் அடிபடுவது நின்றிருக்கிறது என்றுதான் பொருள். ஏற்கெனவே விழுந்த தழும்பைப் பற்றி அவை வாயே திறக்காது. கல்லீரல் சுருக்கம் உள்ளவரும் இதே ரிப்போர்ட்டோடு வருவார்.

ஆகவே அந்தத் தாளிலேயே மூன்று எண்களைத் தேடிப் பாருங்கள். அல்புமின் 3.5க்குக் கீழா? தட்டணு 1,50,000க்குக் கீழா? ஐ.என்.ஆர். 1.2க்கு மேலா? சாப்பிடாமல் கிடந்தவருக்கு வைட்டமின் கே குறைந்தும் ஐ.என்.ஆர். ஏறியிருக்கலாம். பிரித்தறியும் வழி எளிது. வைட்டமின் கே ஊசி போட்டு மறுநாள் திரும்ப எடுப்பார்கள். இறங்கிவிட்டால் குறை வைட்டமினில் இருந்தது. அசையவில்லை என்றால் உறையும் புரதத்தைச் செய்ய முடியாத நிலைக்குக் கல்லீரல் போயிருக்கிறது.

எண்கள் எப்படியிருந்தாலும், பல வருடம் அதிகமாகக் குடித்தவர் ஒருமுறை ஃபைப்ரோஸ்கேன் எடுத்துவிடுவது நல்லது. வலியில்லை, 10 நிமிட வேலை. விலா இடுக்கில் கருவியை வைத்துத் தட்டி, கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று கிலோ பாஸ்கல் கணக்கில் சொல்லும். குறைந்தது 3 மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் போக வேண்டும். சாப்பிட்டுப் போனால் கூடுதலாகக் காட்டும். எஸ்.ஜி.ஓ.டி. ஏறியிருக்கும்போதும் கூடுதலாகக் காட்டும் என்பதால், நிறுத்தி ஒரு மாதமாவது கழியட்டும். 8க்குக் கீழே வந்தால் முற்றிய தழும்பு இல்லை என்று நிம்மதியாக இருக்கலாம். 12, 15 என்று போனால் கல்லீரல் சிறப்பு மருத்துவரிடம் போக வேண்டும். சாதாரண வயிற்று ஸ்கேனில் "லிவர் நார்மல்" என்று எழுதியிருப்பது இதற்கு மாற்று ஆகாது. தொடக்கநிலைத் தழும்பு அதில் தெரியாது. கொழுப்பும் 20, 30 சதவீதமாவது இருந்தால்தான் தெளிவாகத் தெரியும்.

உடனே போக வேண்டிய நேரம்

குடியை நிறுத்திய பிறகு காமாலை வருவதும் உண்டு. "குடிச்சப்போ நல்லாத்தான் இருந்தார், நிறுத்தினதும் மஞ்சளாயிட்டார், அதனால கொஞ்சம் கொடுத்துப் பார்க்கலாம்" என்று வீட்டில் நினைத்துவிடக் கூடாது. நிறுத்திய இரண்டு மாதத்துக்குள், பிலிரூபின் 3ஐத் தாண்டி, எஸ்.ஜி.ஓ.டி. 50க்கு மேல் 400க்குள், எஸ்.ஜி.பி.டி.யைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் என்று இருந்தால் அது குடியால் வரும் கல்லீரல் அழற்சி. நொதி எண்கள் பார்க்கச் சாதுவாக இருக்கும், நோய் சாதுவானது அல்ல. புரோத்ராம்பின் நேரம், அதாவது ரத்தம் உறைய ஆகும் நேரம், இயல்பைவிட எத்தனை நொடி கூடுதலோ அதை 4.6ஆல் பெருக்கிப் பிலிரூபினைக் கூட்டிப் பார்ப்பார்கள். 32 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமையான நிலை. எட்டு நொடி கூடுதலும் பிலிரூபின் 9உம் இருந்தாலே 45.8 வந்துவிடும். இவர்களை வீட்டில் வைத்துப் பத்தியம் கொடுத்துக்கொண்டிருக்க நேரமில்லை.

வயிறு வீங்குவது, கறுப்பாக மலம் போவது, ரத்த வாந்தி, காய்ச்சல், பகலில் தூங்கி இரவில் விழித்துக்கொண்டு சம்பந்தமில்லாமல் பேசுவது ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளை வாங்கிக் கொடுக்காதீர்கள். கல்லீரல் சுருக்கம் உள்ளவருக்கு அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும், ரத்தக்கசிவையும் கொண்டுவரும். பாராசிட்டமால் மருத்துவர் சொன்ன அளவில், நாளுக்கு 2 கிராமைத் தாண்டாமல் கொடுக்கலாம்.

கல்லீரல் சுருக்கம் இருக்கிறது என்று உறுதியானவர்கள் புரதத்தைக் குறைக்கவே கூடாது. எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம், அதாவது 60 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 72 முதல் 90 கிராம் வேண்டும். இரவு படுக்கும் முன் சிறிது சாப்பிட வேண்டும், ஏனென்றால் சுருங்கிய கல்லீரலால் இரவு முழுவதற்கும் சர்க்கரையைச் சேமித்து வைக்க முடியாது, விடிவதற்குள் உடம்பு தன் தசையையே உருக்கத் தொடங்கிவிடும். இன்னொன்று, 6 மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன். கல்லீரல் புற்றுநோய் சிறியதாக இருக்கும்போதே பிடிப்பதற்காக எடுப்பது அது. எல்.எஃப்.டி. தொடர்ந்து நார்மலாக வந்தாலும், குடியை விட்டுப் பத்து வருடம் ஆனாலும், அந்தத் தேதியைத் தள்ளிப்போடக் கூடாது.